பதினெட்டு அடிக் குழாய்

அன்புள்ள தம்பிக்கு,

டிரம்பெட் வாசித்தவர் டியூபாவை எடுக்கும்போது அவரை ஏமாற்றுவது இரண்டுக்கும் உள்ள ஒற்றுமைதான். அதே மவுத்பீஸ் அமைப்பு, அதே மூன்று வால்வுகள், விரல் வைப்பும் பெரும்பாலும் அதே. ஆனால் பி பிளாட் டிரம்பெட்டின் குழாயை நீட்டிப் பார்த்தால் சுமார் நாலரை அடி. பி பிளாட் டியூபாவில் 18 அடி. வால்வு எதையும் அழுத்தாமல் டிரம்பெட்டில் ஊதும் கீழ்ச்சுரத்துக்கு உதடு நொடிக்கு ஏறத்தாழ 233 முறை அதிர்கிறது. டியூபாவில் அதற்கு நேரான சுரத்துக்கு 58 முறைதான். இறுக்கியே பழகிய உதடு அவ்வளவு மெதுவாக அதிராது, மேல்சுரத்துக்குத் தாவிவிடும்.

ஆகவே முதல் வேலை தளர்த்துவது. வாயோரங்கள் உறுதியாக நிற்க, நடு உதடு இளகியிருக்க வேண்டும். மவுத்பீஸை முகத்தில் அழுத்தினால் கீழ்ச்சுரம் வராது. வாத்தியத்தை உயர்த்தி வாய்க்குக் கொண்டுவர வேண்டும். வாயைத் தேடிக் குனிந்தால் வயிறு மடங்கி மூச்சு குறையும்.

காற்று நிறைய வேண்டும், வேகம் வேண்டாம். சூடான காபியை ஆற்ற ஊதும் காற்று டிரம்பெட்டுக்குப் பொருந்தும். மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆவி விடும்போது வருகிற அகன்ற, வெதுவெதுப்பான காற்றே டியூபாவுக்கு. தொடக்க நாட்களில் தலை சுற்றினால் உடனே நிறுத்தி இளைப்பாற வேண்டும். பெரிய நுரையீரல் இருந்தால்தான் முடியும் என்றில்லை. 1944 முதல் 1988 வரை சிகாகோ சிம்பொனியில் டியூபா வாசித்த ஆர்னால்ட் ஜேக்கப்ஸின் நுரையீரல் கொள்ளளவு குறைவுதான். சுரத்தை முதலில் மனத்துக்குள் பாட வேண்டும், பிறகு காற்றைத் தடையின்றி விட வேண்டும் என்பதே அவர் கற்பித்த வழி. தினமும் ஒரே சுரத்தை வாயால் பாடிவிட்டு, அதையே நீட்டி ஊதுவது இதற்கு நல்ல பயிற்சி.

வால்வுகளில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டாவது வால்வு அரைச்சுரம் இறக்கும், முதலாவது முழுச்சுரம், மூன்றாவது ஒன்றரை. ஒவ்வொன்றின் துணைக்குழாயும் தனியாக அழுத்துவதற்கென்று அளந்தது. முதலாவதை அழுத்தியதுமே மொத்தக் குழாய் நீண்டுவிடுவதால், கூடவே மூன்றாவதையும் அழுத்தும்போது அதன் துணைக்குழாய் போதாது. சுருதி ஏறி நிற்கும். நான்காவது வால்வு இருந்தால் ஒன்றும் மூன்றும் சேரும் இடத்தில் அதைத் தனியாக அழுத்தலாம். இல்லாவிட்டால் காதுதான் துணை: இடது கைக்கு எட்டுகிற துணைக்குழாயின் ஸ்லைடைச் சற்று வெளியே இழுத்து, சுருதி சேருமிடத்தில் நிறுத்த வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்