இரத்தத்தில் ஒரு புரதம்: பயம் வேண்டாம், பரிசோதனை வேண்டும்



வேறு எதற்கோ இரத்தம் சோதித்தபோது, "உங்க இரத்தத்துல ஒரு புரதம் கூடுதலா இருக்கு" என்று டாக்டர் சொன்னால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். முந்திரி விற்ற பணத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அலையாதீர்கள். முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அது என்ன?

எலும்பு மஜ்ஜையிலுள்ள பிளாஸ்மா அணுக்கள், கிருமிகளை எதிர்க்கப் பலவகைப் புரதங்களை உண்டாக்குகின்றன. பல பயிர் போட்ட கொல்லையில் ஒரு கொடி மட்டும் அதிகமாகப் படர்வதுபோல, அவற்றில் ஒரு வகை அணு பெருகி, ஒரே மாதிரியான புரதத்தை மிகுதியாக உண்டாக்கலாம். அதுதான் 'எம் புரதம்'. அது டெசிலிட்டருக்கு 3 கிராமுக்கும், மஜ்ஜையில் அந்த அணுக்கள் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருந்து, உறுப்புகளுக்குக் கேடும் இல்லையென்றால், 'எம்.ஜி.யு.எஸ்.' என்பார்கள். 50 வயதைக் கடந்தவர்களிடம் அதிகம் காணப்படும்.

மருந்து உண்டா?

பெரும்பாலோருக்கு மருந்தே தேவையில்லை. ஆனால் கண்காணிப்பு தேவை. முன்பு இதைத் 'தீங்கற்றது' என்றே அழைத்தார்கள். அமெரிக்காவில் மேயோ கிளினிக் டாக்டர் ராபர்ட் கைல், சிலருக்கு இது பின்னாளில் நோயாக மாறுவதைக் கண்டு, 1978-ல் இப்போதுள்ள பெயரைச் சூட்டினார். 100 பேரில் ஆண்டுக்குச் சுமார் ஒருவருக்கு மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோயோ, அதையொத்த நோயோ வரலாம்.

என்ன செய்ய வேண்டும்?

முதலில் 6 மாதத்தில் மறுபரிசோதனை. பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில் எம் புரதம், ஹீமோகுளோபின், கால்சியம், கிரியேட்டினின் பார்க்க வேண்டும். பழைய ரிப்போர்ட்டைத் தூக்கி எறியாதீங்க. அளவு ஏறுகிறதா என்று ஒப்பிட அதுதான் உதவும். மேல்சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மர் அருகிலேயே இருக்கிறது.

தவணைக்குக் காத்திராமல் எப்போது போக வேண்டும்?

* விடாத முதுகுவலி, எலும்புவலி
* இரத்தசோகை, காரணமில்லாத சோர்வு, மெலிவு
* அடிக்கடி காய்ச்சல், சளி
* நுரைத்த சிறுநீர், கால்வீக்கம்
* கைகால் மரத்துப்போதல்

"கொல்லை வேலை செஞ்ச அலுப்பு" என்று தள்ளிவிடாதீர்கள்.

தம்பதிகளின் சந்தேகங்கள்

ஒட்டுமா? ஒட்டாது. தாம்பத்தியத்துக்குத் தடையா? இல்லை. பருப்பு, முட்டையை நிறுத்தணுமா? வேண்டாம், இந்தப் புரதம் சாப்பாட்டிலிருந்து வருவதல்ல.

கணவருக்கு என்றால் மனைவியும், மனைவிக்கு என்றால் கணவரும் பரிசோதனைத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள்!