துப்பாக்கி சுடுதலில் எதை எடுப்பது, எதை விடுவது

2022 ஜூலையில் திருச்சியில் நடந்த மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டிக்கு அஜித்குமார் வந்துபோன பிறகு, நம் பக்கத்துப் பிள்ளைகளின் பேச்சில் பிஸ்டலும் ரைபிளும் சகஜமாகிவிட்டன. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா வாங்கிய ஆறு பதக்கங்களில் மூன்று துப்பாக்கி சுடுதலில் வந்ததும் ஆசை இன்னும் வளர்ந்தது. ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் மன்னார்குடியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் எந்தப் பிரிவில் சேர்வது என்று முடிவெடுக்கிற விதத்தைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. பையன் சினிமாவைப் பார்த்துவிட்டு ஒன்றைக் கேட்கிறான். அப்பா, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இன்ஜினியரிங் சீட் கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி இன்னொன்றில் தள்ளுகிறார். பிள்ளைக்குக் கண் எப்படி, கை நிற்குமா, ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்க மனசு வருமா என்று கேட்பாரில்லை. பள்ளியில் பல வருஷம் என்.சி.சி. பொறுப்பில் இருந்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் இரண்டையும் எல்லோருக்கும் தெரியும். இரண்டுக்கும் பத்து மீட்டர் தூரம், போட்டியில் அறுபது குண்டு. ரைபிளில் பத்து மார்க் வாங்க வேண்டிய நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். பிஸ்டலில் அது பதினொன்றரை மில்லிமீட்டர். பிஸ்டலை ஒரே கையில் நீட்டிப் பிடிக்க வேண்டும். ரைபிளுக்குத் தடித்த ஜாக்கெட், பேன்ட், ஷூ என்று தனிச் செலவு உண்டு. 2016 ஆயுத விதிகளின்படி, 20 ஜூல் சக்திக்கு உட்பட்ட .177 ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம். போட்டித் தரத்தில் வெளிநாட்டுத் துப்பாக்கி வாங்கினால் லட்சத்தைத் தாண்டும் என்பது உண்மை. ஆனால் அது ஒருமுறைச் செலவு. குண்டு ஐந்நூறு கொண்ட ஒரு டப்பா ஆயிரம் ரூபாய் என்று வைத்தால், ஒரு சுடலுக்கு இரண்டு ரூபாய்தான். எனக்கு ரைபிள்தான் பிடிக்கும், அதை மறைக்கவில்லை. மாணவனை அது அடக்கிப் பக்குவப்படுத்துவதுபோல் வேறொன்று செய்து நான் பார்த்ததில்லை.

ஐம்பது மீட்டர் .22 ரைபிளுக்கு லைசென்ஸ், தோட்டா என்று சிக்கல் அதிகம். அதைத் தொட்டுப் பார்க்க விரும்பும் பிள்ளைக்கு என்.சி.சி. இருக்கிறது; அங்கே அரசாங்கத் தோட்டாவில் சுடலாம். பாரிஸில் ஐம்பது மீட்டரில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் வேலையில் இருந்தவர். மகாராஷ்டிர அரசின் விளையாட்டுப் பயிற்சித் திட்டத்தில் வளர்ந்தவர். அரசோ வேலை கொடுத்த துறையோ தாங்கிப் பிடித்தால்தான் இந்தப் பிரிவு நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும்.

நான் பயப்படுவது ட்ராப் பிரிவைப் பற்றி. பறக்கும் தட்டைச் சுடும் ஷாட்கன் விளையாட்டு. பக்கத்துப் புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிருத்விராஜ் தொண்டைமான், 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அணியோடு தங்கம் வாங்கினார். பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார். நம் மண்ணின் பெருமை அவர். அவரைப் பார்த்து நம் ஊர்ப் பெற்றோர், “இதில் போட்டி குறைவு, நம் பையன் சீக்கிரம் மேலே வந்துவிடுவான்” என்று கணக்குப் போடுகிறார்கள். அங்கே போட்டி குறைவாக இருப்பதற்குக் காரணமே செலவுதான்.

ஒரு சுற்று எப்படி என்று பாருங்கள். ஐந்து நிலைகள் வரிசையாக இருக்கும். எதிரே பதினைந்து மீட்டரில் பள்ளம். அதற்குள் பதினைந்து எந்திரங்கள். சுடுபவர் துப்பாக்கியைத் தோளில் ஏற்றி ஒரு குரல் கொடுப்பார். மைக் அதைக் கேட்டதும் 110 மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டு ஒன்று பாய்ந்து வெளியேறும். இடமா, வலமா, நேரா என்பது முன்கூட்டித் தெரியாது. ஒரு வினாடிக்குள் சுட்டாக வேண்டும். தவறினால் இரண்டாவது தோட்டா. சுற்றுக்கு 25 தட்டு, தகுதிச் சுற்றில் மொத்தம் 125. பாரிஸில் தொண்டைமான் 125க்கு 118 உடைத்தும் 21ஆவது இடம்தான் கிடைத்தது. அந்த உச்சத்தில் நிற்க எத்தனை ஆயிரம் தட்டு, எத்தனை ஆயிரம் தோட்டா என்று யோசியுங்கள்.

தோட்டா ஐம்பது ரூபாய், தட்டு பத்து ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு முப்பது தோட்டா என்றால் 1,500, தட்டுக்கு 250. நான்கு சுற்று சுட்டால் 7,000 ரூபாய் புகையாகப் போய்விடும். வாரம் மூன்று நாள் பழகினால் மாதம் எண்பதாயிரத்தைத் தாண்டும். இது பயிற்சிக்கு மட்டும். பெரட்டா, பெரட்சி போன்ற இத்தாலித் துப்பாக்கிகளின் விலை, பயிற்சியாளர் சம்பளம், டெல்லிக்கும் ஜெய்ப்பூருக்கும் போட்டிக்குப் போய்வரும் செலவு எல்லாம் தனி. ஒரு ஏக்கர் நெல்லில் ஒரு போகத்துக்கு என்ன மிஞ்சும் என்பதை நம் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நிலத்தை அடமானம் வைத்து இதில் இறங்கிய குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். பையன் கெட்டிக்காரன்தான். இரண்டாம் வருஷம் தோட்டா வாங்கப் பணமில்லாமல் நின்றுவிட்டான்.

இந்தச் செலவு இறங்கும் என்றும் நம்பாதீர்கள். தோட்டாவுக்குள் இருப்பது 24 கிராம் ஈயச் சன்னங்களும் மருந்தும். மருந்துக்கு அடிப்படையான நைட்ரோசெல்லுலோஸை உக்ரைன் போருக்குப் பிறகு பீரங்கிக் குண்டுத் தொழிற்சாலைகள் அள்ளிக்கொண்டு போகின்றன. உலகம் முழுக்கவே தோட்டா விலை ஏறியிருக்கிறது. இறக்குமதிச் சரக்கை டாலரிலும் யூரோவிலும் வாங்க வேண்டும். 2014இல் அறுபது ரூபாய்ச் சுமாரில் இருந்த டாலர் இப்போது எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது.

“மன்னார்குடியிலேயே ஒரு மைதானம் போட்டால் என்ன?” என்றும் கேட்கிறார்கள். ட்ராப் சன்னம் இருநூறு மீட்டருக்கு மேலும் போய் விழும். அத்தனை தூரம் ஆளும் மாடும் நடமாடாத வெற்று நிலம் வேண்டும். விழுந்த ஈயம் மண்ணிலேயே தங்கும். தண்ணீர் நிற்கிற நெல்வயலுக்கு நடுவே, வாய்க்காலும் ஏரியுமாகக் கிடக்கிற நம் பகுதியில் அதைச் செய்வது பாவம். ஆக, புதுக்கோட்டைக்கோ அதற்கு அப்பாலோதான் அலைய வேண்டும். துப்பாக்கி லைசென்ஸுக்குத் திருவாரூர் கலெக்டர் ஆபீஸ் நடை வேறு. பன்னிரண்டு வயசிலிருந்து பயிற்சிக்கு விதி இடம் கொடுக்கிறது. சொந்தப் பெயரில் லைசென்ஸ் வாங்க இருபத்தொன்று ஆக வேண்டும்.

ட்ராப்பில் இந்தியாவுக்குப் பெயர் வாங்கித் தந்தவர்களை வரிசையாகப் பாருங்கள். 1962 உலகப் போட்டியில் வெள்ளி வாங்கிய கர்ணி சிங் பிகானீர் மகாராஜா. 2006இல் உலகச் சாம்பியனான மானவ்ஜித் சிங் சந்து, ஒலிம்பிக்கில் சுட்ட குர்பீர் சிங்கின் மகன். 2004இல் ஏதென்ஸில் டபுள் ட்ராப் வெள்ளி வாங்கிய ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் ராணுவ அதிகாரி. அரண்மனை, வழிவழியாகத் துப்பாக்கி பிடித்த குடும்பம், ராணுவம். மூன்றிலும் தோட்டாவுக்குப் பணம் கொடுக்க ஆள் இருந்தது. ராத்தோர் ஜெயித்த டபுள் ட்ராப் பிரிவையே 2016க்குப் பிறகு ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். இன்னொரு ஷாட்கன் பிரிவான ஸ்கீட்டில் ஒரு தட்டுக்கு ஒரு தோட்டாதான் என்றாலும் மற்ற கதை அதேதான்.

இதற்கு எதிரே, பாரிஸில் ஏர் பிஸ்டல் கலப்பு அணியில் வெண்கலம் வாங்கிய சரப்ஜோத் சிங் அம்பாலா மாவட்டத்து விவசாயி மகன். ஏர் ரைபிளில் இரண்டு ஒலிம்பிக்கில் சுட்ட இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்த பெண். நம் வீட்டுப் பிள்ளை போகக்கூடிய பாதை இதுதான்.

கோட்டா சீட் மட்டுமே குறி என்றால், துப்பாக்கியை விட்டுவிடுங்கள். இன்ஜினியரிங்கில் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்தே 500 இடம்தான். பக்கத்து வடுவூர் அபினேஷ் மோகன்தாஸ் 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டிக் கபடியில் தங்கம் வாங்கினார். ஓடியாடும் பிள்ளையைக் கபடிக்கு அனுப்புங்கள்.

சுடுதலுக்கு வேண்டிய குணம் வேறு. வகுப்பில் துருதுருவென்று இருப்பவனைவிட, ஓரமாக உட்கார்ந்து நோட்டில் கோடு கோணாமல் போடுகிறவன் இதில் தேறுவான். என்.சி.சி. பயரிங்கில் ஒரு மாணவி படுத்து, முழங்கையைத் தரையில் ஊன்றி, பாதி மூச்சை வெளியே விட்டு, விரலை மெல்ல அழுத்துவாள். மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றால் சுடாமலே விரலை எடுத்துவிட்டு மறுபடி மூச்சு வாங்குவாள். பக்கத்தில் எல்லோரும் சுட்டு முடித்து எழுந்துவிட்டாலும் அவசரப்பட மாட்டாள். சுடாமல் விடத் தெரிந்த பிள்ளைக்கு இந்த விளையாட்டு வரும். விருப்பமில்லாத பிள்ளையை எத்தனை லட்சம் கொட்டினாலும் நிற்க வைக்க முடியாது. வருஷக்கணக்கில் காத்திருக்க மனமில்லாத பெற்றோருக்கும் இது ஆகாது.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். இரண்டு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து நடுவே சின்ன இடைவெளி விடச் சொல்லுங்கள். அதன் வழியே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடட்டும். எந்தக் கண்ணால் பார்க்கும்போது கடிகாரம் மறையவில்லையோ அதுதான் குறி பார்க்கும் கண். வலக்கைப் பிள்ளைக்கு இடது கண் வந்தால், பயிற்சியாளரைக் கேட்காமல் ரைபிளுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டாம்.

பெற்றோருக்கு என் வேண்டுகோள்: இந்த வருஷம் எந்தத் துப்பாக்கியும் வாங்காதீர்கள். முதலில் திருச்சியிலோ வேறு ஊரிலோ உள்ள கிளப்பில், அவர்கள் துப்பாக்கியிலேயே ஆறு மாசம் பிள்ளை ஏர் ரைபிளோ பிஸ்டலோ பழகட்டும். ட்ராப் ஆசை அதற்குப் பிறகும் விடாமல் இருந்தால், ராணுவத்தில் சேர்ந்து அங்கே சுடட்டும். நிலப் பத்திரத்தை மட்டும் பீரோவிலிருந்து வெளியே எடுக்காதீர்கள்.