பாய்மரம் ஏன் தட்டுகிறது? கண்டுபிடித்தால் கூலி உண்டு

தாய்லாந்து, மலேசியப் பக்கமிருந்து மாலைதீவு, செங்கடல் என்று போகிற வெளிநாட்டுப் பாய்மரப் படகுகளில் சில, ஜனவரி முதல் மார்ச் வரையான வாடைக்காற்றுக் காலத்தில் திருகோணமலையில் நங்கூரம் போடும். பக்கத்துச் சாம்பல்தீவில் பைபர் படகும் கயிறுமாக வளர்ந்தவர்களுக்கு அவற்றில் சில்லறை வேலை கிடைக்கும். எதில் தொடங்கலாம் என்றால், பாய்மரச் சத்தத்தில் என்பேன். சாமான் செலவு சொற்பம். வேலை சரியா என்பது அன்றிரவே படகுக்காரருக்குத் தெரிந்துவிடும். தூக்கம் கெட்ட மனிதர் பேரம் பேசுவதும் குறைவு. துறைமுகத்துக்குள் போவதற்கான அனுமதியை மட்டும் படகின் முகவரிடம் முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

எடுத்தவுடன் மரத்தில் ஏறாதீர்கள். சத்தம் காற்றுக்கு வருகிறதா, ஆட்டத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். காற்று வீசும்போது மட்டும் டக் டக் என்றால் அநேகமாக வெளிக்கயிறு. பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிறுகளை ஒவ்வொன்றாகக் கையால் பிடித்துப் பாருங்கள். எதைப் பிடித்ததும் அடங்குகிறதோ அதுதான் ஆள். இறுக்கினால் மட்டும் போதாது, காற்று கூடினால் மறுபடி தட்டும். மரத்தைத் தொடாதபடி விலக்கி, பக்கக் கம்பியோடு இலாஸ்டிக் கயிற்றால் கட்டுங்கள்.

காற்றே இல்லை, மீன்பிடிப் படகொன்று கடந்துபோன அலையில் தட்டுகிறது என்றால் உள்ளே பாருங்கள். அலுமினியப் பாய்மரம் வெறும் குழாய். உச்சி விளக்குக்கும் விஎச்எப் ஆன்டெனாவுக்கும் போகிற வயர்கள் அதற்குள் தொங்கி, ஆட்டத்துக்கு ஆட்டம் சுவரில் மோதும். காதை வைத்து இடம் தேடிப் பயனில்லை. குழாய் முழுக்க ஒரே சத்தம். வயரைக் கழற்றுமுன் இணைப்புகளைப் போனில் படமெடுங்கள். கீழ்முனையில் ஒரு நீளக் கயிற்றைக் கட்டிவிட்டு மேலிருந்து உருவுங்கள். அந்தக் கயிறு நழுவினால் ஒருநாள் வேலை ஒரு வாரமாகும். வெளியே வந்த வயரில் முழம் ஒன்றுக்கு மூன்று கேபிள் டை, வால்கள் மூன்று திசையில் நீட்டி நிற்கும்படி போடுங்கள். வாலை வெட்டாதீர்கள்; வயரைச் சுவரில் படாமல் தாங்குவது அதுதான். உள்ளேயே ஆஞ்சானும் ஓடுகிறதென்றால் வால் அதில் சிக்கும். அங்கே வயருக்குத் தனியாக ஒரு பிவிசி குழாய் பொருத்துவதே சரி.

கிறீச்சென்ற முனகல் வேறு சாதி. மரம் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில் ஆப்பு தளர்ந்திருக்கும், அல்லது குறுக்குமரம் பாய்மரத்தோடு சேரும் மூட்டில் வாஷர் தேய்ந்திருக்கும். மாற்றினால் முடிந்தது.

தேடுவதற்கு ஒரு கூலி, திருத்துவதற்கு ஒரு கூலி என்று பிரித்துப் பேசுங்கள். இரண்டு மணிநேரம் தேடி, ஐந்து நிமிடத்தில் கட்டுகிற வேலை இது.

ஏறத்தான் வேண்டுமென்றால் இரண்டு கயிறு, கீழே ஒரு ஆள். ஏறும்போதே ஒரு பஞ்சைக் கம்பிகள் மேல் ஓட்டிப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் இழை அறுந்திருக்கிறது. அன்றைக்குச் சத்தத்தை விட்டுவிட்டுப் படகுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அந்தக் கம்பியை நீங்களாக இறுக்க வேண்டாம்.