பன்னிரண்டு புளியங்கொட்டை

மதுரை,
ஞாயிறு இரவு.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் பருப்புப்பொடி டப்பாவோடு இந்தக் கடுதாசியும் வருகிறது. இங்கே இருவரும் நலம். இன்று காலை 6 மணிக்கே எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பேரனை இனிமேல் ஞாயிறுகளில் வெளியே கூட்டிப்போக வேண்டாம் என்று நீ சொன்னதை உன் அம்மா ஞாபகப்படுத்தின பிறகுதான் கழற்றினேன்.

அவன் முட்டிக் காயம் ஆறிவிட்டதா? பொருக்கை நகத்தால் பிய்க்க விடாதே. ராத்திரி அனத்தினானா என்று மூன்று தரம் கேட்டேன், நீ ஒரு தரமும் நேராகப் பதில் சொல்லவில்லை.

நானும் உன்னிடம் நேராகச் சொல்லவில்லை. சமணர் மலைப் பேச்சிப்பள்ளத்தில் அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன் என்றேனே, அது பொய். பாறையில் வரிசையாக எட்டுச் சிற்பம். எட்டும் ஒரே படத்தில் வரவேண்டும் என்று பின்னாலேயே நகர்ந்திருக்கிறான். நான் அடியில் வெட்டியிருந்த வட்டெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலைச் சாய்வெயிலில்தான் அந்த எழுத்துகளின் பள்ளம் மேடு தெரியும், உச்சி வெயிலில் வெறும் பாறை. சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். அந்த ஒரு நொடி இன்னும் என் வயிற்றுக்குள் இருக்கிறது. அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டேன்: நடக்கும்போது கேமரா கழுத்தில், நின்ற பிறகுதான் கண்ணில்.

ஞாயிறுதோறும் கோடிங் வகுப்பில் சேர்க்கப்போவதாகச் சொன்னாய். காலத்துக்கேற்ற படிப்பு, வேண்டாமென்று சொல்ல நான் யார்? உங்கள் பிள்ளை, உங்கள் முடிவு. ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன்.

நான் புறப்படும்போது அவன் இடது பைக்கென்று 12 புளியங்கொட்டை கொடுத்து அனுப்புவாள் உன் அம்மா. ஒரு படம் எடுத்தால் ஒரு கொட்டை வலது பைக்குப் போகவேண்டும். இடது பை காலியானால் கேமராவை என்னிடம் கொடுத்துவிட வேண்டும். ஸ்டுடியோவில் '120' ரக ஃபிலிம் ரோல் போட்டால் எனக்கும் 12 படம்தான். அந்தக் கணக்குதான் இது.

முதல் நாள் கீழடி அருங்காட்சியகத்தில் நுழைந்த கால் மணி நேரத்தில் 12ஐயும் தீர்த்துவிட்டு அழுதான். அடுத்த தடவை அங்கே போனபோது பகடைக்காய் இருந்த கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றான், நின்றுகொண்டே இருந்தான். கண்ணாடியில் அவன் மூஞ்சியும் விளக்கும்தான் தெரிந்தன. லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வை, பக்கத்தில் உள்ளங்கையால் மறை என்றேன். விளக்கு போச்சு, காய் வந்தது. 2,000 வருஷத்துக்கும் முன்னால் யாரோ உருட்டிய காய். ஒரே கொட்டைதான் மாறியது.

காந்தி மியூசியத்தில் அவருடைய ரத்தக்கறை படிந்த துணி முன்னால், "தாத்தா, இதைத் துவைக்கவே இல்லையா?" என்று கேட்டான். என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அங்கே ஒரு கொட்டைகூட மாறவில்லை. நான் எடுக்காதே என்று சொல்லவில்லை, அவனாகவே கேமராவை இறக்கிக்கொண்டான். எந்த வகுப்பில் இதைச் சொல்லித்தருகிறார்கள் என்று விசாரித்துச் சொல்.

மாப்பிள்ளையைக் குறை சொல்வதாக நினைக்காதே. அவர் போனில் 11,000 படம் இருக்கிறதாம். போன வருஷம் குலதெய்வக் கோயிலில் எடுத்ததைக் காட்டுங்கள் என்றேன். விரலால் தள்ளுகிறார், தள்ளுகிறார், காபி ஆறிவிட்டது. ஒன்றாவது பிரிண்ட் போட்டிருக்கிறாரா? எண்ணாமல் எடுக்கிற படத்தை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. பிரிண்ட் போடாத படம், படமே இல்லை. நாற்பது வருஷம் இதே தொழிலில் இருந்தவன் சொல்கிறேன்.

இந்தப் பேச்சு வந்தால் உன் சித்தப்பா ஞாபகம் வராமல் இருக்காது. கடையைக் காலி பண்ணின வாரம் நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். கருப்பு வெள்ளை நெகட்டிவில் வெள்ளி எடுக்கலாம் என்று எவனோ சொன்னானாம், பெட்டி பெட்டியாக எடைக்குப் போட்டுவிட்டான். ஊரார் கல்யாணமெல்லாம் போனதற்கு நான் அவனோடு பேசாமல் இருக்கிறேன் என்று நீ நினைத்திருப்பாய். அதற்கு இல்லையம்மா. கல்யாண ரோலில் கடைசியில் ஒன்றிரண்டு பிரேம் மிஞ்சும். வீட்டுக்கு வந்து, தூங்கிக்கொண்டிருக்கும் உன்னை எடுத்து ரோலை முடிப்பேன். விடிந்தால் கழுவப் போடவேண்டுமே. உன் சின்ன வயதுப் படமெல்லாம் அந்தப் பெட்டிகளில்தான் இருந்தது.

முகூர்த்தம் பாதி ஞாயிற்றுக்கிழமையில்தான் வரும். சமணர் மலைக்குக் கூட்டிப்போ என்று நீ எத்தனை தடவை கேட்டாய்! பேருந்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஒரு தடவைகூடப் போகவில்லை.

சரி, அதை விடு. முடிவை நீயே எடு. அந்த வகுப்பு சனிக்கிழமை மாலையிலும் நடக்கிறதாம், போன் போட்டுக் கேட்டுவிட்டேன். தகவலுக்காகச் சொல்கிறேன், வேறொன்றுமில்லை. அடுத்து அரிட்டாபட்டி போவதாக அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அரசு அறிவித்தது, தமிழ்நாட்டில் அதுதான் முதல். வல்லூறு பார்க்கலாம், சமணர் படுக்கை இருக்கிறது. சுரங்கம் வரும் என்றார்கள். மேலூர்ப் பக்கத்து ஜனம் விடாமல் நின்றதால் 2025 ஜனவரியில் அது ரத்தானது. மலை பத்திரமாக இருக்கிறது. நானும் ஏறுகிற நிலையில்தான் இருக்கிறேன், இப்போதைக்கு. ஆனாலும் பாறை ஏறாமல் அடிவாரத்தோடு திரும்பிவிடுவோம். வேண்டுமானால் நீயும் வா.

நிறையப் பேசிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, என் தங்கமே. உன்னைப் போல் பிள்ளை வளர்ப்பவள் நம் வம்சத்தில் இல்லை, இதை உன் அம்மாவிடமும் சொன்னேன். மாப்பிள்ளையும் தங்கமான மனுஷர். 11,000 படம் பற்றி எழுதியதை அவரிடம் காட்டாதே.

உறைக்குள் ஒரு பிரிண்ட் வைத்திருக்கிறேன். அவன் விழுந்த அன்று எடுத்தது. மலையிலிருந்து இறங்கும்போது இடது பையில் ஒரு கொட்டை மிச்சம். கீழே ஐயனார் கோயில் குளத்தில் தாமரை பூத்திருந்தது, எடுக்கலாமே என்றேன். "இது அம்மாவுக்கு" என்று சொல்லிவிட்டான். முட்டியில் என் கைக்குட்டைக் கட்டோடு உங்கள் வாசலில் வந்து நின்றுதான் அதைச் செலவழித்தான். நீ கதவைத் திறக்கிறாய், கையெல்லாம் சப்பாத்தி மாவு. இன்னும் கட்டைப் பார்க்கவில்லை, அதனால் சிரிக்கிறாய்.

நல்ல படம். சட்டம் போட்டு மாட்டு.

வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு உங்கள் வாசலில் நிற்பேன். அவனை அனுப்புவதும் அனுப்பாததும் உன் இஷ்டம். அனுப்பினால் முழுக்கால் பேண்ட் போட்டு அனுப்பு.

இப்படிக்கு,
அப்பா