மிதப்பதும் அடியில் தங்குவதும்

அன்பு மருமகளுக்கு,

கங்கைகொண்டான் மான்களைப் பார்த்துவந்து, "ஆட்டுக்குக் கொடுப்பது மாதிரி மானுக்கும் குடற்புழு மருந்து கொடுப்பார்களா மாமா?" என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி.

2013-இல் அறிவிக்கப்பட்ட அந்தப் புள்ளிமான் சரணாலயம் 288 ஹெக்டேர்தான். மான்கள் வயலுக்கும் இறங்கும். ஆடு மேய்ந்த புல்லை மானும் மேயும்போது, ஆட்டுப் புழு மானுக்கும் வரும். ஹீமோன்கஸ் என்ற உருண்டைப்புழு நான்காவது இரைப்பையில் ஒட்டி ரத்தம் குடிக்கும். பெண் புழு ஒரு நாளில் 5,000 முட்டைக்கு மேலும் இடும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அந்த முட்டைகள் பொரிந்து, ஒரு வாரத்தில் இளம்புழுக்கள் புல்லில் ஏறிவிடும்.

மானின் வயிற்றில் புழு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க மானைத் தொடவே வேண்டாம், புழுக்கை போதும். புதுப் புழுக்கையைக் கெட்டியான உப்புக் கரைசலில் கரைத்து வடிகட்டி, சிறு குழாயில் விளிம்பு தட்ட ஊற்றி, மேலே கண்ணாடி வில்லையை வை. இருபது நிமிடம் கழித்து வில்லையை நுண்ணோக்கியில் பார்த்தால், மெல்லிய ஓட்டுக்குள் திராட்சைக் கொத்துப் போலச் செல்கள் நெருங்கிய முட்டைகள் தெரியும்.

இதோடு நிறுத்திவிடாதே. ஈரல் தட்டைப்புழுவின் முட்டை கனமானது, உப்பு நீரில் மிதக்காது. இன்னொரு பங்கைச் சாதாரண நீரில் கரைத்து, அடியில் படிந்ததைப் பார். பொன்மஞ்சளாக, ஒரு முனையில் மூடியோடு, முன்னதைவிட இரு மடங்கு பெரிதாக இருக்கும். நிறமற்று இருந்தால் அது இரைப்பைத் தட்டைப்புழுவுடையது. இவை வளர நத்தை வேண்டும். தாமிரபரணிப் பாசனக் கால்வாய்களிலும் குளங்களிலும் நத்தைக்குப் பஞ்சமே இல்லை. சித்திரையில் குளம் வற்ற வற்ற, பச்சை தேடிக் குளத்துக்குள் இறங்கும் விலங்குகள், புல்லில் ஒட்டிய புழுக்கூடுகளையும் சேர்த்தே தின்னும்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நாலு புழு இருப்பதால் மட்டும் காட்டு மான் சாகாது. தீனி குறைந்து, ஒரே இடத்தில் நெருக்கியடித்து மேயும்போதுதான் அது மெலியும். மருந்தை உப்புக்கட்டியில் கலந்து காட்டில் வைத்தால், எந்த மான் எவ்வளவு நக்கியது என்று யாருக்கும் தெரியாது. அரைகுறை மருந்தைத் தாங்கிய புழுக்கள் பிழைத்துப் பெருகி, நாளடைவில் அவற்றின் தலைமுறைகள் மருந்துக்கே அசையாது. தமிழ்நாட்டு ஆடுகளில் அப்படிப்பட்ட ஹீமோன்கஸ் ஏற்கெனவே உண்டு. ஐவர்மெக்டின் போன்ற மருந்து சாணத்தில் இறங்கினால் சாணவண்டுகளும் சாகும். ஊர் ஆடுகளுக்கு எடை பார்த்துச் சரியான அளவில் மருந்து கொடுத்து, மான் மேயும் பக்கம் கிடை போடாமல் இருப்பதுதான் மானுக்கும் மருந்து.

சரணாலயத்தில் புழுக்கை பொறுக்க வனத்துறை அனுமதி வேண்டும். அதனால் உங்கள் வீட்டு வெள்ளாட்டுப் புழுக்கையில் தொடங்கு. கையுறை போட்டுக்கொள். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டால், பார்த்த முட்டை எதுவென்று சொல்லுவார்கள்.

அன்புடன்,
மாமா