மூன்று மாதத்துக்குள் நெடும்பயணம்: போவதா, பொறுப்பதா?

வன்னியில் பல வீடுகளுக்கு இரண்டு நல்ல செய்திகள் ஒன்றாக வந்து சேர்ந்துவிடுகின்றன. லீவில் வந்து நின்ற கணவன் திரும்பிப் போன சில கிழமைகளில் மனைவிக்கு நாள் தள்ளிப்போகிறது. அந்த நேரம் பார்த்து, நெடுநாளாகக் காத்திருந்த விசாவும் கிடைக்கிறது. விசுவமடுவிலோ துணுக்காயிலோ இருக்கும் பெண்ணுக்கு அந்தப் பயணம் விமானத்தில் தொடங்குவதில்லை. கிரவல் வீதியில் ஓட்டோ, ஏ9 வீதியில் இரவு முழுக்க பஸ் அல்லது வான், கட்டுநாயக்காவில் மூன்று நான்கு மணிநேரக் காத்திருப்பு. அதற்குப் பிறகுதான் விமானம். இலண்டன் என்றால் நேரடி விமானத்தில் ஏறத்தாழ 11 மணிநேரம். ரொறன்ரோ என்றால் நடுவில் ஓர் இடத்தில் மாறி ஏறக்குறைய ஒரு முழு நாள். ‘மூன்று மாதம் முடியும்வரை அசையவே கூடாது’ என்கிறார் மாமியார். ‘இங்க எல்லாரும் வயிற்றோடதானே வேலைக்குப் போகினம், நீங்கள் டிக்கெட்டைப் போடுங்கோ’ என்கிறது தொலைபேசி. இரண்டு பக்கமும் பதில் சொல்வது ஒரே கேள்விக்குத்தான்: பயணம் கருவைக் கலைக்குமா? அதற்கு மருத்துவத்தில் விடை ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. நம்மூர்ப் பெண்ணுக்கு முடிவெடுக்க உதவும் கேள்வி வேறொன்று. வீட்டில் இருந்தாலும் வரக்கூடிய ஆபத்து பயண நேரத்தில் வந்தால், எவ்வளவு நேரத்தில் அவர் சத்திரசிகிச்சைக் கூடத்தை அடைவார்?

முதலில் அந்த முதல் கேள்வியை முடித்துவிடுவோம். உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை தானாகவே கலைகின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை முதல் 12 கிழமைக்குள். அப்படிக் கலைபவற்றில் பாதியளவுக்குக் காரணம் குரோமோசோம் கோளாறு, அதாவது கரு உருவான அன்றே தீர்மானமாகிவிட்ட ஒன்று. அந்தக் கிழமைகளில் கருப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள் ஆழமாக அமர்ந்திருக்கிறது. பஸ் குலுங்குவதாலோ பள்ளத்தில் ஓட்டோ இறங்கி ஏறுவதாலோ கரு கழன்று விழுவதில்லை. விமானத்தைப் பொறுத்தவரை, சிக்கலில்லாத கர்ப்பத்தில் எப்போதாவது பறப்பது பாதுகாப்பானது என்பதே அமெரிக்க, பிரித்தானிய மகப்பேற்று மருத்துவர் சங்கங்களின் நிலைப்பாடு. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமம். நுவரெலியா 6,100 அடிக்குச் சற்று மேல். அதைவிடக் கொஞ்சம் உயரமான ஊரில் ஒரு பகல் இருந்துவிட்டு வருவதாக நினைத்துக்கொள்ளலாம். இதை இவ்வளவு விரித்துச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பயணம் போய் வந்த பிறகு கரு கலைந்தால் அந்தப் பழி பெண்ணின் தலையில் விழுகிறது. ‘சொல்லச் சொல்லக் கேளாமல் போனாள்’ என்ற சொல் ஆண்டுக்கணக்கில் அவரைத் துரத்துகிறது. நூறு பேர் பயணம் போனாலும், நூறு பேர் பாயைவிட்டு எழும்பாமல் கிடந்தாலும், பத்துப் பேருக்காவது அது நடக்கத்தான் செய்யும். அந்தப் பழிக்கு ஆதாரம் கிடையாது.

இனி, அஞ்ச வேண்டியதற்கு வருவோம். நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டு கருப்பைக்குள் தங்காமல் கருக்குழாயில் தங்கிவிடுகின்றன. சிறுநீர்ச் சோதனையில் அதற்கும் இரண்டு கோடுகள்தான் விழும். சத்தியும் தலைச்சுற்றும் அதற்கும் வரும். வெளிப்பார்வைக்கு எந்த வேறுபாடும் இல்லை. கரு வளர வளரக் குழாய் வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் கொட்டும். பெரும்பாலும் ஆறாம் கிழமைக்கும் பத்தாம் கிழமைக்கும் இடையில். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் குத்தும் வலி, தோள் நுனியில் காரணமில்லாத வலி, சிறிய இரத்தக்கசிவு, கண் இருட்டி மயக்கம் வருவது ஆகியவை அதன் அடையாளங்கள். அப்போது மணிக்கணக்குத்தான் உயிரைத் தீர்மானிக்கிறது. வீட்டில் இருக்கும்போது இது வந்தால் 1990 அம்புலன்ஸை அழைக்கலாம். கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைகள் இருக்கின்றன. கட்டுநாயக்கா போகும் வழியிலும் அநுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வைத்தியசாலை வருகிறது. கடலுக்கு மேல் பறக்கும்போது எதுவுமில்லை. பஸ்ஸைவிட விமானம் கருவுக்கு மென்மையானதாக இருக்கலாம். ஆனால் நடுவழியில் அதிலிருந்து இறங்க முடியாது.

இந்த ஆபத்தை முன்கூட்டியே ஏறத்தாழ முழுமையாக நீக்கிவிட ஒரு சிறிய வழி உண்டு. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணி, ஏழாம் கிழமையளவில் ஸ்கான் செய்தால், கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா, இதயம் துடிக்கிறதா என்பது தெரிந்துவிடும். துடிப்பு தெரிந்த பிறகு கரு கலையும் வாய்ப்பும் வெகுவாகக் குறைகிறது. ஆகவே, ஸ்கானுக்கு முன் போவது, ஸ்கான் செய்துகொண்டு மூன்று மாதத்துக்குள் போவது, 14 கிழமை கடந்தபின் போவது என்ற மூன்று தெரிவுகளில் முதலாவதை எந்தக் காரணத்துக்காகவும் எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. நாளை நகர்த்த முடியுமானால் மூன்றாவதுதான் மேல். 14 முதல் 28 கிழமை வரையான காலம் பயணத்துக்கு மிக வசதியானது என்று மருத்துவர்கள் சொல்வதில் பொருளிருக்கிறது. ஒன்பதாம் கிழமையளவில் உச்சத்துக்கு வரும் சத்தி அதற்குள் பலருக்கும் அடங்கிவிடும். வயிறும் இன்னும் பாரமாகியிராது. நாளை நகர்த்தவே முடியாதவர்களுக்கு இரண்டாவது தெரிவு ஏற்கத்தக்கது. அது குறைவான சுகம், ஆனால் நியாயமான துணிவு.

ஸ்கானோடு சேர்ந்து நடக்க வேண்டியது கிளினிக் பதிவு. எட்டுக் கிழமைக்குள் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிந்துவிட வேண்டும் என்பது நம் நாட்டு நடைமுறை. வெளிநாடு போகிறவர்கள் ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று இதை விட்டுவிடுகிறார்கள். அது பெரிய பிழை. பதிந்தால் இரத்த வகை, குருதியின் ஹீமோகுளோபின் அளவு, தொற்றுச் சோதனைகள் எல்லாம் எச்512 என்ற கர்ப்பப் பதிவேட்டில் ஏறும். பதிவேடு கையில் இருந்தால் எந்த ஊர் வைத்தியருக்கும் பாதி வேலை முடிந்தது. ஹீமோகுளோபின் 7.5க்குக் கீழே என்றால் பறக்கவே கூடாத அளவுக்கு இரத்தச்சோகை. நம் பக்கத்தில் அதை அலட்சியமாக விட முடியாது. இரத்த வகை நெகட்டிவ் என்பது தெரிந்திருந்தால், பின்னர் இரத்தப்போக்கு ஏற்படும்போது ஊசி தேவையா என்று உடனே தீர்மானிக்கலாம்.

விமான நிலையம் வரைக்குமான பாதையிலும் தெரிவுகள் இருக்கின்றன. அவற்றை வீட்டார் யோசிப்பதே இல்லை. இரவு பஸ்ஸில் கழிப்பறை இல்லை. பின்னேரம் நான்கு மணியிலிருந்தே தண்ணீரைத் தொடாமல், உதட்டை நனைத்து நனைத்துச் சமாளித்துக்கொண்டு ஏறுகிற பெண்கள் எத்தனையோ பேர். நீரிழப்பும், அசையாத கால்களும் சேர்ந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. கர்ப்பம் அந்த ஆபத்தை ஏற்கெனவே நான்கைந்து மடங்காக்கியிருக்கிறது. குலுக்கலைவிட இந்தத் தாகத்துக்குத்தான் நாம் பயப்பட வேண்டும். ரயிலில் கழிப்பறை உண்டு, எழுந்து நடக்கலாம். கிளிநொச்சியிலிருந்து இருக்கை பதிவுசெய்து பகலில் போய், கொழும்பிலோ நீர்கொழும்பிலோ ஓர் இரவு தங்கி, மறுநாள் விமானம் ஏறுவதே நான் சொல்லக்கூடிய சிறந்த ஒழுங்கு. வான் பிடிப்பதானால், நித்திரை முழித்த சாரதியோடு நள்ளிரவில் புறப்படாமல், நினைத்த இடத்தில் நிறுத்தச் சொல்லிப் பகலில் போகலாம். இருக்கைப் பட்டியை வயிற்றுக்குக் கீழே, தொடை எலும்போடு படியும்படி போட வேண்டும். 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலியிலிருந்து சென்னைக்குப் போய் அங்கிருந்து மாறுவதும் ஒரு வழிதான். கிளிநொச்சியிலிருந்து பலாலி ஏறத்தாழ இரண்டு மணிநேரம். சென்னையில் பெரிய வைத்தியசாலைகளும் பக்கத்தில். இந்திய விசாவையும், சிறிய விமானத்தில் சாமான் எடைக்குள்ள கட்டுப்பாட்டையும் முதலே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே, போரில் இடம்பெயர்ந்த தாய்மாரிடமிருந்து ஒரு மறுப்பு வரும். அதைச் சொல்பவர்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. ‘95இல் வலிகாமத்திலிருந்து நடந்து வந்தோம்; 2009இல் உழவு இயந்திரப் பெட்டியில் சட்டி பானையோடு வயிற்றுப்பிள்ளையையும் கொண்டு தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று போனோம். பிள்ளை தங்கவில்லையா? ஸ்கான் பார்த்தா போனோம்?’ அந்தத் தாய்மார் சொல்வது உண்மை. குலுக்கலால் கரு கலைவதில்லை என்பதற்கு அவர்களைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஆனால் அதே பாதையில், அதே மாதங்களில், வயிற்றுக்குள் இரத்தம் கொட்டிய பெண்களும் இருந்திருப்பார்கள். அவர்களுக்குச் சத்திரசிகிச்சைக் கூடம் இருக்கவில்லை. இன்று வந்து கதை சொல்ல அவர்களும் இல்லை. அப்போது தெரிவு இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.

‘விசா முடிந்துவிடும்’ என்பது அடுத்த மறுப்பு. சிலருக்கு அது நிஜம். ஆனால் கடைசித் தேதியைக் கடிதத்தில் வாசித்துப் பார்க்காமலேயே அவசரப்படுகிறவர்கள் அதிகம். கனடாவுக்கான குடிவரவு மருத்துவப் பரிசோதனை பொதுவாக 12 மாதம் செல்லும். பல டிக்கெட்டுகளின் தேதியைக் கட்டணம் கட்டி மாற்றலாம். மருத்துவப் பரிசோதனைக்கே இன்னும் போகாதவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். பிரித்தானியாவில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகும் இலங்கையர் காசநோய்ச் சோதனை செய்ய வேண்டும். அதற்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். நாள் தள்ளிப்போயிருந்தால் அதை வாய்திறந்து சொல்ல வேண்டும். வயிற்றுக்கு ஈயக் கவசம் போட்டு எடுக்கலாம். சளிச் சோதனையைத் தெரிவுசெய்யலாம், ஆனால் அதன் முடிவு வர இரண்டு மாதமளவு ஆகும். பிரசவம் வரை தள்ளியும் வைக்கலாம். சொன்னால் விசா கெட்டுவிடும் என்று மறைப்பதற்கு அவசியமே இல்லை. சேர்ந்து வாழப் போகாமல் விசிற் விசாவில் போகிறவர்கள் இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். பிரித்தானியாவில் பார்வையாளருக்கு மகப்பேற்றுச் சிகிச்சையை மறுக்கமாட்டார்கள். ஆனால் பெரிய பில் பின்னால் வரும். அப்படிப்பட்ட பயணத்தை, இரண்டு கிழமை கலியாணவீட்டுக்காக, மூன்று மாதத்துக்குள் செய்வது எனக்கு நியாயமாகப்படவில்லை.

போகவே கூடாதவர்களும் உண்டு. முன்பு கருக்குழாயில் கர்ப்பம் தங்கியவர், இந்தமுறை ஸ்கானில் இடம் உறுதியாகும்வரை; இரத்தம் படுகிறவர்; தண்ணீரும் வயிற்றில் நில்லாமல் சத்தி எடுப்பவர்; முன்பு காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்தவர்; இதய வால்வு நோயுள்ளவர். இவர்களுக்கு மகப்பேற்று நிபுணர் எழுத்தில் சம்மதம் தரும்வரை டிக்கெட் வேண்டாம். மற்றவர்கள் விமானத்தில் நடைபாதைப் பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்கலாம். மணிக்கொரு தடவை எழுந்து நடந்து, இருக்கும்போது குதிக்காலைத் தூக்கி இறக்கி, தண்ணீரைக் கணக்குப் பார்க்காமல் குடிக்கலாம். வைத்தியர் சொன்னால் இறுக்கமான காலுறையும் போட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக, இதை யாரிடமும் சொல்லாமல் போவது பற்றி. மூன்று மாதம் முடியும்வரை வெளியில் சொல்லக்கூடாது என்ற வழக்கத்தில் ஒரு நயம் இருக்கிறது; கலைந்துபோனால் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குச் சொல்லாமல் இருக்கட்டும். ஆனால் நடுவழியில் மயங்கி விழுந்தால் ‘இவர் கர்ப்பவதி, ஏழு கிழமை, ஸ்கான் பார்த்திருக்கிறது’ என்று சொல்ல வானிலோ ரயிலிலோ கூட வருபவர் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். தனியே பறப்பவர்கள் ஏறும்போதே விமானப் பணிப்பெண்ணிடம் சொல்லிவிட்டு, எச்512 பதிவேட்டையும் ஸ்கான் அறிக்கையையும் மேலே அடுக்கும் பைக்குள் போடாமல், கடவுச்சீட்டோடு சேர்த்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.