சீசன் வியாபாரியும் வாகனக் கடனும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கி, ஐந்தருவிப் பக்கம் கடைகள் நிரம்பும் நாட்களில், சொந்தமாக ஒரு லோடு வண்டி இருந்தால் என்ன என்ற எண்ணம் நமது உறுப்பினர்கள் பலருக்கும் வருகிறது. பாவூர்சத்திரம் சந்தைக்கும் செங்கோட்டைக்கும் வாடகை வண்டி பேசியே லாபத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஆனால் கடன் கேட்டுப் போனால், "உங்கள் பெயரில் சிபில் பதிவே இல்லையே" என்கிறார்கள்.

முப்பது வருடமாகத் தென்காசி மொத்தக் கடையில் கடனுக்குச் சரக்கெடுத்து, சொன்ன தேதியில் பணம் கட்டியவருக்கு இந்தப் பதில் அவமானமாகத்தான் படும். ஆனால் மொத்தக் கடைப் பேரேட்டில் உள்ள நாணயம் கடன் தகவல் நிறுவனத்துக்குத் தெரியாது. கைமாற்றும், தெருச் சீட்டும் அங்கே பதிவாவதில்லை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் விவரம் மட்டுமே அங்கே ஏறும். நம் நாட்டில் சிபில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 2005-ல் இதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. இன்று இப்படி நான்கு நிறுவனங்கள் உள்ளன. சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை. கடனே வாங்காதவருக்கு மதிப்பெண் வராது. அது கெட்ட மதிப்பெண் அல்ல. இந்த வித்தியாசத்தை நாமே தெரிந்து வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

பழைய கடன் பதிவு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக, முதன்முறை கடன் கேட்பவரின் விண்ணப்பத்தைத் தள்ளக்கூடாது என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியுள்ளது. மத்திய நிதி அமைச்சகம் 2025 ஆகஸ்டில் இதை நாடாளுமன்றத்திலும் தெரிவித்தது. மேலாளரிடம் பணிவாக இதை நினைவூட்டலாம். ஆனால் வருமானத்துக்கு ஆதாரம் கேட்க வங்கிக்கு உரிமை உண்டு. நம்மில் பலர் தடுக்கி விழுவது அங்கேதான்.

பதிவில்லாதவரை நம்பிக் கடன் கொடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1974-ல் சீட்டு நிறுவனமாகத் தொடங்கிய ஸ்ரீராம் குழுமம், 1979-ல் லாரிக் கடனுக்கென்றே தனி நிறுவனம் கண்டது. வங்கிகள் கண்டுகொள்ளாத ஓட்டுநர்களுக்குப் பழைய லாரி வாங்கக் கொடுத்தே அது வளர்ந்தது. வண்டி ஓடினால் தவணை வரும் என்பதுதான் அங்கே கணக்கு. நமக்கும் அதே கணக்குத்தான்: வண்டி என்ன சம்பாதிக்கும் என்பதை எழுத்தில் காட்ட வேண்டும்.

எனவே கடன் கேட்பதற்கு ஓராண்டு முன்பே தயாராவது நல்லது. விற்பனைப் பணத்தைக் கல்லாவிலேயே சுழற்றாமல் நடப்புக் கணக்கில் செலுத்துங்கள். கியூஆர் அட்டையில் வரும் பணமும் கடைப் பெயரில் உள்ள கணக்குக்கே வரட்டும். மருமகன் கணக்குக்குப் போனால் அது அவருடைய வருமானமாகத்தான் தெரியும். வருமான வரிக் கணக்கு, ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்கு அந்தக் கணக்கு, உத்யம் சான்று ஆகியவை வேண்டும். வங்கியில் சிறு நகைக் கடன் எடுத்து நாள் தவறாமல் திருப்பினால் அதுவும் பதிவில் ஏறும். வைப்புத் தொகையை ஈடாக வைத்துக் கிரெடிட் கார்டு வாங்குவது இன்னொரு வழி. 2015-ல் வந்த முத்ரா திட்டத்தில் சிறு சரக்கு வண்டிக்கும் கடன் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஷோரூமில் "நாங்களே லோன் பார்த்துத் தருகிறோம்" என்று ஒரே நாளில் ஐந்து இடத்துக்கு விண்ணப்பம் அனுப்ப விடாதீர்கள். ஒவ்வொரு விசாரிப்பும் உங்கள் பதிவில் நிற்கும். உங்கள் அறிக்கையை நீங்களே பார்ப்பதால் கெடுதல் இல்லை. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும்.

வட்டி விஷயத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். 3 லட்சம் கடன், 5 ஆண்டு, "பிளாட் 8 சதவீதம்" என்பார்கள். வட்டி மட்டும் 1,20,000 ரூபாய். மாதத் தவணை 7,000. கேட்க மலிவாக இருக்கும். ஆனால் அசல் மாதா மாதம் குறைந்துகொண்டே வர, முழு அசலுக்கும் கடைசி வரை வட்டி போடுகிறார்கள். குறையும் நிலுவைக் கணக்கில் பார்த்தால் இது 14 சதவீதத்துக்குச் சற்று மேல். அதே கடனை வங்கி குறையும் நிலுவையில் 10 சதவீதத்துக்குத் தந்தால் தவணை சுமார் 6,375. மொத்த வட்டி ஏறக்குறைய 82,500. "எட்டு"தான் "பத்தை" விட விலை கூடியது! 2024 அக்டோபர் முதல், ஆண்டு அடக்கச் செலவு சதவீதத்தை முக்கிய விவரத் தாளில் எழுதித் தர வேண்டும் என்பது விதி. அந்தத் தாளைக் கையில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்தது நமது ஊருக்கே உரிய சிக்கல். குற்றாலத்தில் நேந்திரம் சிப்ஸ் கடை வைத்திருப்பவருக்கு வருமானம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. தவணையோ பன்னிரண்டு மாதமும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவனின் உயிர் போனது. அதன் பின் அருவிகளில் குளிக்கத் தடை வந்தது. கூட்டம் இல்லாத நாட்களில் கடைக்காரர் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே சீசன் பணத்திலிருந்து ஆறு தவணையைத் தனிக் கணக்கில் ஒதுக்கி, அதிலிருந்தே தவணை பிடிக்க ஏற்பாடு செய்யுங்கள். ஆறு தவணை ஒதுக்க முடியாது என்றால், அந்த வண்டி உங்கள் சக்திக்குப் பெரியது. முன்பணத்தைக் கூட்டுங்கள், அல்லது பழைய வண்டி பாருங்கள்.

சரக்கு வண்டிக்குக் கட்டிய ஜிஎஸ்டியை, முறையாகப் பதிவு செய்து வரி கட்டுபவர்கள் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாம். சாதாரணக் காருக்கு அது கிடையாது. கார்தான் வேண்டும் என்று வீட்டில் சொன்னால், அது வேறு கணக்கு.

ஜாமீன் கேட்டு உறவினர் வந்தால் யோசித்துப் போடுங்கள். அவர் தவறினால் உங்கள் பதிவும் கெடும். உங்களுக்கு ஜாமீன் நிற்பவருக்கும் இதைச் சொல்லிவிடுவது நேர்மை.

கடைசித் தவணை கட்டியதும் ஆட்சேபணையின்மைச் சான்றும் கையெழுத்திட்ட 35-ஆம் படிவமும் வாங்கி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆர்சி புத்தகத்தில் உள்ள அடமானக் குறிப்பை நீக்குங்கள். இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் நீக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதம் கழித்துக் கடன் அறிக்கையை எடுத்து, கணக்கு முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் புகார் கொடுத்துத் திருத்திக்கொள்ளலாம்.